ஒரு கரு போதும்

கருத்தரிப்பு மையங்களின் விளம்பரங்களில் இரட்டைக் குழந்தைகள் சிரிக்கிறார்கள். அவர்களைச் சுமந்தவளுக்கு ஏழாம் மாதத்தில் பிபி எவ்வளவு ஏறியது என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. வெற்றிக் கணக்கை உயர்த்திக் காட்ட, ஒன்று போதும் என்ற பெண்ணுக்கும் இரண்டு, மூன்று கருக்களை வைக்கும் வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இதன் விளைவு கர்ப்பகால ரத்த அழுத்த நோய் என்பது வைப்பவர்களுக்குத் தெரியும். நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் இறங்கி, அங்குள்ள சுருள் தமனிகளை அகலமாக்க வேண்டும். அது சரிவர நடக்காதபோதும், இரட்டைக் கருவின் பெரிய நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாதபோதும், நஞ்சுக்கொடியிலிருந்து சில புரதங்கள் தாயின் ரத்தத்தில் கலந்து ரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. அழுத்தம் 140/90-ஐத் தாண்டுகிறது. சிறுநீரகம், கல்லீரல், கடைசியில் வலிப்பு. ஒற்றைக் கருவைவிட இரட்டையில் இந்த ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. தானமாகப் பெற்ற கருமுட்டை என்றால் இன்னும் கூடுகிறது; ஹார்மோன் மருந்தால் மட்டுமே கருப்பையைத் தயார் செய்து உறைகரு வைத்தாலும் கூடுகிறது. நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் நோய் தணியும். ஆகவே குறைமாதப் பிரசவம்.

ஒரு கரு வைத்தால் வெற்றி குறையும் என்பது சாக்கு. 36 வயதுக்கு உட்பட்ட பெண்களிடம் ஸ்காண்டிநேவியாவில் நடந்து, 2004-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். இரண்டு கருக்களை ஒன்றாக வைத்தவர்களில் 42.9% பேர் குழந்தை பெற்றனர். ஒன்றை வைத்து, தவறினால் உறைகரு ஒன்றை அடுத்து வைத்தவர்களில் 38.8% பேர். ஆனால் பிரசவங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தவை முன்னதில் 33.1%, பின்னதில் 0.8%. வெற்றியில் உள்ள அந்தச் சிறிய வித்தியாசத்துக்காகவா தாயைப் பணயம் வைப்பது?

கடன் வாங்கி வரும் தம்பதி, ஒரே செலவில் இரண்டு கிடைக்கட்டும் என்று கேட்பார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. பல்கரு ஆபத்தை அவர்களுக்கு விளக்குவது மையத்தின் கடமை என்கிறது கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம். படிக்க நேரம் தராமல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது விளக்கம் ஆகாது.

வயதும் கருவின் தரமும் இடம் கொடுக்கும்போது ஒரு கருவே விதியாக வேண்டும். இரட்டை தரித்தவருக்கு 16 வாரத்துக்குள் ஆஸ்பிரின் தேவையா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மையமும் தன்னிடம் கருத்தரித்தவரின் ரத்த அழுத்தம், பிரசவ வாரம், தாய் சேய் நிலை ஆகியவற்றைப் பதிவு செய்து வெளியிட வேண்டும். கர்ப்பம் உறுதியானதும் கோப்பை மூடிவிடும் மையத்துக்கு அரசு பதிவைப் புதுப்பிக்கக் கூடாது.