கறந்து பார்த்துட்டு கயிறு மாத்துங்க: லினக்ஸும் டிரைவர் தொல்லையும்

"லினக்ஸ் போட்டேன், வை-ஃபை எடுக்கல, திரும்பவும் விண்டோஸே போட்டுட்டேன்." நம்ம பக்கம் கொஞ்ச நாளா அடிக்கடி காதுல விழுற பேச்சு இது. காரணம் தெரிஞ்சதுதான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திருச்சு. தனியாப் பதிவு பண்ணிக்கிட்டவங்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட் கொஞ்ச நாளைக்கு வரும். விண்டோஸ் 11க்குப் போகலாம்னா டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு வசதி வேணும், அவங்க பட்டியல்ல இருக்குற பிராசசர் வேணும். நம்ம ஊர் வீடுகள்ல இருக்குற பழைய லேப்டாப்புல பாதிக்கு இது ரெண்டும் இருக்காது.

மிஷின் நல்லாத்தான் ஓடுது. பட்டா சிட்டா எடுக்க, பையன் பாடம் பார்க்க, பால் கணக்கு எழுத அது தாராளமாப் போதும். அதைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போடறதை விட லினக்ஸுக்கு மாறுறது புத்திசாலித்தனம். அதுல எனக்கு சந்தேகமே இல்லை. ஆனா மாறுனவங்க ஒரே நாள்ல திரும்பி ஓடி வர்றதுக்குக் காரணம் பெரும்பாலும் டிரைவர்தான். அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். டிரைவர் தொல்லையை லினக்ஸ் போட்ட பிறகு உட்கார்ந்து தீர்க்கறது வீண் மல்லுக்கட்டு. போடறதுக்கு முன்னாடி, முடிஞ்சா மிஷினை வாங்கறதுக்கு முன்னாடியே பார்த்துக்க வேண்டிய சமாச்சாரம் அது.

டிரைவர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. வடக்கே இருந்து வேலைக்கு வந்த ஆளுங்களை வெச்சு மஞ்சள் வெட்டுறோம். ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஒருத்தர் நடுவுல நின்னாத்தான் வேலை நடக்கும். கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் நடுவுல நிக்கற அந்த ஆள்தான் டிரைவர். பிரிண்டர் என்ன பாஷை பேசும்னு அதைச் செஞ்ச கம்பெனிக்குத்தான் தெரியும். அவங்க பல நேரம் விண்டோஸுக்கு மட்டும் ஆளைப் போட்டுட்டு ஒதுங்கிக்கறாங்க.

விண்டோஸ்ல பழகுனவங்க முதல்ல தடுமாறுற இடம் இதுதான். அங்க டிரைவர்னா கம்பெனி இணையதளத்துல போய் இறக்கணும், இல்லை கூட வந்த சிடியைப் போடணும். லினக்ஸ்ல அப்படி இல்லை. பெரும்பாலான டிரைவர் கர்னல்ங்கற மையப் பகுதியோடயே சேர்ந்து வந்துரும். சாதனத்தைச் சொருகுனா ஒண்ணு உடனே வேலை செய்யும், இல்லைன்னா எங்கேயோ தகராறு இருக்குன்னு அர்த்தம். அதனால எடுத்த எடுப்புல நெட்ல தேடி கண்ட ஃபைலை எல்லாம் இறக்கி ஓட்டாதீங்க.

முதல்ல கறந்து பாருங்க

சந்தையில மாடு பிடிக்கறோம். பல்லைப் பார்க்கறோம், சுழியைப் பார்க்கறோம், ரெண்டு வேளை கறந்து பார்த்துட்டுத்தான் கயிறு மாத்தறோம். லினக்ஸ்ல அந்த வசதி இருக்கு, நிறைய பேர் அதைப் பயன்படுத்தறதில்லை. ஒரு பென் டிரைவ்ல லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ எழுதி, அதுல இருந்தே மிஷினை ஆன் பண்ணலாம். ஹார்ட் டிஸ்க்ல எதையும் தொடாது. கழட்டிட்டு ஆன் பண்ணா பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

அப்படி ஓட்டும்போது சும்மா படம் பார்த்துட்டு மூடி வைக்கக் கூடாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரிசையாப் பாருங்க. வை-ஃபை பிடிக்குதா? சத்தம் வருதா? மைக் எடுக்குதா? கேமரா தெரியுதா? டச்பேடுல ரெண்டு விரல் வெச்சு நகர்த்த முடியுதா? திரை வெளிச்சம் கூட்டிக் குறைக்க வருதா? பிரிண்டரைச் சொருகி ஒரு தாள் எடுத்துப் பாருங்க. மூடியை மூடித் திறந்தா முழிக்குதான்னும் பாருங்க. லேப்டாப்ல நிறைய சிக்கல் இந்தத் தூக்கத்துலதான் வரும்.

எல்லாம் ஓடுனா தைரியமாப் போடுங்க. ஏதாவது ஓடலைன்னா, அது என்னன்னு கண்டுபிடிச்சு வழி தெரிஞ்ச பிறகு போடுங்க.

பேரைப் பார்க்காதீங்க, சிப்பைப் பாருங்க

டப்பா மேல போட்டிருக்குற கம்பெனி பேருக்கும் டிரைவருக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஒரே பேர், ஒரே மாடல் நம்பர்ல விக்கிற வை-ஃபை குச்சிக்குள்ள இந்த வருஷம் ஒரு சிப், அடுத்த வருஷம் வேற சிப் இருக்கும். விதைப் பாக்கெட்டுல பேர் ஒண்ணா இருந்தாலும் லாட் நம்பரைப் பார்க்கறோம் இல்லையா, அது மாதிரி.

டெர்மினலைத் திறந்து ஆங்கிலச் சின்ன எழுத்துல எல்எஸ்பிசிஐன்னு அடிச்சா மிஷினுக்குள்ள இருக்குற சாதனங்க வரிசையா வரும். கூட ஒரு கோடு போட்டு என்என்கேன்னு சேர்த்தா, ஒவ்வொண்ணோட அடையாள எண்ணும், இப்ப எந்த டிரைவர் அதை ஓட்டுதுங்கறதும் தெரியும். யுஎஸ்பியில சொருகுனதுக்கு எல்எஸ்யுஎஸ்பி. அடையாள எண் நாலு நாலு எழுத்தா ரெண்டு பாகமா இருக்கும். முதல் பாகம் தயாரிச்ச கம்பெனி, ரெண்டாவது சாதனம். 8086னு ஆரம்பிச்சா இன்டெல். உதவி கேக்கறதா இருந்தாலும் நெட்ல தேடறதா இருந்தாலும் இந்த எண்ணை வெச்சுத் தேடுங்க. "என் லேப்டாப்ல வை-ஃபை வரல"ன்னு கேட்டா பத்து பேர் பத்து வைத்தியம் சொல்லுவாங்க. எண்ணைச் சொல்லிக் கேட்டா அதுக்கான மருந்து மட்டும் கிடைக்கும்.

அடிக்கடி வர்ற தகராறுகள்

வை-ஃபை டிரைவர் இறக்க நெட் வேணும், நெட்டுக்கு வை-ஃபை வேணும். இதுல மாட்டிக்கிட்டு முழிக்க வேண்டாம். செல்போனை சார்ஜர் கேபிள்ல கம்ப்யூட்டரோட இணைச்சு, போன்ல யுஎஸ்பி டெதரிங்கை ஆன் பண்ணுங்க. பெரும்பாலான போன் தனி டிரைவர் எதுவும் கேக்காம அப்படியே எடுத்துக்கும். பிராட்பேண்ட் இல்லாத தோட்டத்து வீட்டுக்கு இதை விட நல்ல வழி இல்லை.

நெட் வந்ததும் உபுண்டுன்னா "அடிஷனல் டிரைவர்ஸ்", மின்ட்னா "டிரைவர் மேனேஜர்" திறந்து பாருங்க. பிராட்காம் வை-ஃபை, என்விடியா கிராஃபிக்ஸ் ரெண்டுக்கும் தேவையான டிரைவர் பெரும்பாலும் அங்கேயே காட்டும். ஒரு டிக் போட்டா முடிஞ்சது.

சில நேரம் டிரைவர் இருக்கும், ஃபர்ம்வேர் இருக்காது. ஃபர்ம்வேர்ங்கறது அந்தச் சிப்புக்குள்ள ஏத்த வேண்டிய சின்ன நிரல். கம்பெனி அதோட மூல நிரலைத் தராததால டெபியன்காரங்க ரொம்ப வருஷமா அதைத் தனியா வெச்சிருந்தாங்க. 2023ல வந்த டெபியன் 12ல இருந்து நிறுவும்போதே கூட வருது. அதனால அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி எழுதி இருக்குற வைத்தியத்தைப் படிச்சுக் குழம்பாதீங்க. புது வெளியீட்டை எடுத்தாலே பாதி தொல்லை போயிரும். மிஷின் புதுசா இருந்தா கர்னலும் புதுசா இருக்கணும். மிஷினுக்கு முன்னாடியே வந்த கர்னலுக்கு அந்தச் சிப்பைத் தெரிய வாய்ப்பில்லை.

அடுத்தது செக்யூர் பூட். வெளியில இருந்து சேர்க்குற டிரைவருக்குக் கையெழுத்து இல்லைன்னா இது உள்ள விடாது. டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேக்கும். மறுபடி ஆன் ஆகும்போது நீலத் திரை ஒண்ணு வரும். அதுல "என்ரோல் மோக்" தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்கணும். பதறிப் போய் அதைத் தாண்டி விட்டுட்டா, டிரைவர் இருந்தும் ஓடாது.

நிறுவும்போது ஹார்ட் டிஸ்க்கே தெரியலைன்னா பயாஸ்ல டிஸ்க் அமைப்பு ரெய்டுல இருக்கான்னு பாருங்க, ஏஹெச்சிஐக்கு மாத்தணும். விண்டோஸையும் கூட வெச்சுக்கறதா இருந்தா சட்டுனு மாத்திராதீங்க. அதைத் தயார் பண்ணாம மாத்துனா விண்டோஸ் எழுந்திருக்காது.

பிரிண்டர்ல ஹெச்பிக்கு ஹெச்பிலிப்னு ஒரு மென்பொருள் இருக்கு, நிறைய மாடலை அது ஓட்டும். ஏர்பிரிண்ட் குறி போட்ட புது நெட்வொர்க் பிரிண்டர்கள் தனி டிரைவரே கேக்காது. தொல்லை கொடுக்கறது விலை குறைஞ்ச சில லேசர் பிரிண்டர்கள். அதுல பிரிண்டருக்குள்ள மூளையே கிடையாது, எல்லா வேலையையும் கம்ப்யூட்டர்தான் செஞ்சு தரணும். அதுக்குக் கம்பெனி தர்ற டிரைவரை விட்டா பெரும்பாலும் வேற வழி இல்லை.

எல்லாம் பண்ணியும் வை-ஃபை வரலைன்னா நாள் கணக்குல போராடாதீங்க. லினக்ஸ்ல ஓடும்னு தெரிஞ்ச சிப் உள்ள ஒரு யுஎஸ்பி குச்சி வாங்கிச் சொருகுங்க. ரெண்டு நாள் கூலியை விட்டுட்டு உட்கார்ந்து பார்க்கறதுக்கு அது சல்லிசு.

எல்லாரும் மாற வேண்டியதில்லை

லினக்ஸ் பிடிக்கும்ங்கறதுக்காக இதைச் சொல்லாம விடக் கூடாது. கைரேகை மிஷின் வெச்சு ஆதார் வழியாப் பணம் கொடுக்குற வேலை செய்யறவங்க, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வெச்சு வேலை செய்யறவங்க அவசரப்பட வேண்டாம். அந்தச் சாதனத்துக்கும் அதோட மென்பொருளுக்கும் லினக்ஸ் ஆதரவு இருக்கான்னு கொடுத்தவங்ககிட்டயே கேட்டு உறுதி பண்ணிக்குங்க. இல்லைன்னா அந்த ஒரு மிஷின்ல விண்டோஸ் இருக்கட்டும். பொழைப்பை வெச்சு சோதனை பண்ணக் கூடாது.

பழி யார் மேல?

வை-ஃபை வரலைன்னதும் "லினக்ஸ் சரியில்லை"ன்னு சொல்லிடறோம். எனக்கு இதுல உடன்பாடு இல்லை. பாஷையைச் சொல்லித் தராதவன் ஒருத்தன் இருக்கும்போது, கத்துக்கலைன்னு இன்னொருத்தனைத் திட்டுறது என்ன நியாயம்?

கட்டற்ற மென்பொருள் இயக்கம் பொறந்த கதையிலயே ஒரு பிரிண்டர் இருக்கு. 1980 வாக்குல அமெரிக்காவுல எம்ஐடி ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்துச்சு. அடிக்கடி தாள் சிக்கிக்கும். பழைய பிரிண்டர்ல தாள் சிக்குனா எல்லாருக்கும் தகவல் போற மாதிரி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தி வெச்சிருந்தார். புதுசுல அதைச் செய்ய முடியல, மூல நிரலைக் கொடுக்கலை. அது கையில இருந்த வேற பல்கலைக்கழகத்துக்காரர்கிட்ட நேர்ல போய்க் கேட்டார். கம்பெனிக்கு வாக்குக் கொடுத்துட்டேன், தர முடியாதுன்னுட்டார் அவர். 1983ல ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவிச்சதுக்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். நாம இன்னிக்குப் படுற அதே பாடுதான் அது.

2007ல கர்னல் உருவாக்குநர் கிரெக் குரோ-ஹார்ட்மன் கம்பெனிகளுக்கு வெளிப்படையாவே சொன்னார்: சாதனம் எப்படி வேலை செய்யுதுங்கற விவரத்தை மட்டும் கொடுங்க, டிரைவரை நாங்க இலவசமா எழுதித் தர்றோம். அதுக்கு அப்புறமும் விவரம் தராதவங்க இருக்காங்க.

விவசாயிக்கு இது புரியாத கதை இல்லை. அமெரிக்காவுல ஜான் டீர் டிராக்டரைத் தாங்களே பழுது பார்க்க மென்பொருள் கருவி தர மாட்டேங்கறாங்கன்னு விவசாயிகள் வருஷக்கணக்காப் போராடுறாங்க. 2023ல கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களைப் பழுது பார்க்குற உரிமைக்குச் சட்டமே போட்டுச்சு. 2025 ஜனவரியில அந்த நாட்டு வர்த்தக ஆணையம் அந்தக் கம்பெனி மேல வழக்குப் போட்டுச்சு. காசு கொடுத்து வாங்குன பொருள் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கற உரிமை வாங்குனவனுக்கு உண்டா இல்லையாங்கறதுதான் கேள்வி. டிராக்டருக்கும் அதுதான், வை-ஃபை சிப்புக்கும் அதுதான்.

வாங்கறவன் கேட்டாத்தான் விக்கிறவன் தருவான். 2011ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல ஆரம்ப வருஷங்கள்ல கொடுத்த மிஷின்ல விண்டோஸோட சி-டாக் உருவாக்குன பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்துச்சு. பிள்ளைங்க அதைத் தொட்டாங்களாங்கறது வேற விஷயம். மொத்தமா வாங்கற அரசாங்கம் லினக்ஸும் ஓடணும்னு சொன்னா, ஓடுற மாதிரி மிஷின் வருது. கூட்டுறவு சங்கத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிரிண்டர், ஸ்கேனர் வாங்கும்போது டெண்டர்ல இந்த ஒரு வரியைச் சேர்த்தா கம்பெனிகள் தானா வழிக்கு வரும்.

நம்ம பங்குக்கு நாம செய்யக் கூடியது சின்ன வேலைதான். அடுத்த தடவை கடையில பிரிண்டரோ லேப்டாப்போ வை-ஃபை குச்சியோ வாங்கும்போது, விலை கேக்கறதுக்கு முன்னாடி "இது லினக்ஸ்ல ஓடுமா?"ன்னு கேளுங்க. கடைக்காரருக்குத் தெரியாமப் போகலாம். பென் டிரைவைக் கையோட கொண்டு போய் அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்க. மாட்டேன்னா அடுத்த கடை. நாலு பேர் கேட்டா அவர் மொத்த வியாபாரிகிட்ட கேப்பார். கறந்து காட்டாத மாட்டை எந்தச் சந்தையிலயும் நாம பிடிச்சதில்லை, கம்ப்யூட்டருக்கு மட்டும் எதுக்குங்க விதிவிலக்கு?