மஞ்சள் தடவி வைத்தால் கறி கெடாதா? மசாலாவால் முடிவதும் முடியாததும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்கி வந்ததும் கடத்தூர்ப் பக்கத்து வீடுகளில் நடக்கும் முதல் வேலை, அதைக் கழுவி மஞ்சள்தூள் போட்டுப் பிசறி வைப்பது. "மஞ்சள் போட்டாச்சுல்ல, மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் ஆகாது" என்று பாத்திரத்தை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். தருமபுரி வெயிலில் இந்தத் தைரியம் கொஞ்சம் அதிகம்தான்.

மசாலாவுக்குச் சக்தியே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பூண்டை நசுக்கும்போது அல்லிசின் உருவாகிறது. முழுப் பல்லாகப் போட்டால் அந்த அளவுக்குக் கிடைக்காது. கிராம்பில் யூஜெனால், பட்டையில் சின்னமால்டிஹைடு, மஞ்சளில் குர்குமின் இருக்கின்றன. ஆய்வகத்தில் இவை பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பது உறுதியாகியிருக்கிறது.

1998-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனிஃபர் பில்லிங், பால் ஷெர்மன் இருவரும் 36 நாடுகளின் 4,578 இறைச்சிச் சமையல் குறிப்புகளை அலசினார்கள். வெப்பம் அதிகமான நாடுகளில் மசாலாவும் அதிகம், காரணம் கிருமிகள் என்றார்கள். நம்மூர் ஆட்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் 2021-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 70 சமையல் மரபுகளின் 33,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளைச் சோதித்து, அந்த வாதத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆய்வகத்தில் பயன்படுத்துவது பெரும்பாலும் அடர்த்தியான சாறு அல்லது எண்ணெய். குழம்புச் சட்டியில் விழுவது இரண்டு சிட்டிகை. போதாததற்குக் கறியில் உள்ள கொழுப்பும் புரதமும் அந்த வேதிப்பொருட்களின் வீரியத்தைக் குறைத்துவிடுகின்றன. இன்னொன்றும் உண்டு: தரையில் காயும் மிளகாயும் மிளகும் தாங்களே சால்மோனெல்லாவையும் பாக்டீரியா வித்துகளையும் சுமந்துவரலாம்.

"அப்போ உப்புக்கண்டம் மட்டும் எப்படி மாசக்கணக்கில் இருக்கு?" என்று பாட்டிகள் கேட்பது நியாயமான கேள்வி. அதில் மஞ்சளும் மிளகாயும் துணை வேலைதான் செய்கின்றன. உப்பும் வெயிலும் சேர்ந்து கறியின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், பாக்டீரியா பெருகத் தண்ணீர் கிடைப்பதில்லை. ஈரமான கறியில் அதே மஞ்சளைத் தடவி அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் சவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி இறந்துபோனார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சவர்மா மசாலாவில் ஊறிய கறிதான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஸ்டெஃபைலோகாக்கஸ் பெருகி நஞ்சைக் கக்கிவிட்டால், பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு முழுதாக அழியாது. ராத்திரி அடுப்பு மேலேயே ஆறிய கறிக்குழம்பிலும் இதே சிக்கல்: சமையலில் தப்பிய கிளாஸ்ட்ரிடியம் வித்துகள் மெல்ல ஆறும் குழம்பில் முளைத்துப் பெருகும். மறுநாள் ருசி கூடியிருக்கலாம், அதை நம்பக் கூடாது.

மசாலா ருசிக்குத்தான். கறியைக் காப்பது குளிரும் நெருப்பும். கடையில் தொங்கும் கறிக்கு நிழலும் சுத்தமான தண்ணீரும் குளிர்பெட்டியும் இருக்கிறதா என்று உள்ளாட்சியும் உணவுப் பாதுகாப்புத் துறையும் பார்க்க வேண்டும். வீட்டில் செய்ய வேண்டியது சின்ன விஷயம்: மஞ்சள் தடவிய பாத்திரத்தை நேராக ஃபிரிட்ஜில் வைப்பது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், வாங்கி வந்த கையோடு உலையில் ஏற்றிவிடுவது.