இல்லை என்பதும் விடையே

சுவிட்சர்லாந்து, பிரான்சு ஆகிய இரு நாடுகளின் எல்லையில், ஜெனீவா நகருக்கு அருகே, நிலத்துக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம் ஒன்று உள்ளது. செர்ன் என்னும் ஐரோப்பிய ஆய்வு நிறுவனம் அமைத்த அவ்வளையத்தில் புரோட்டான்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் எதிரெதிராக ஓடி மோதுகின்றன. மோதலின் ஆற்றல் பொருளாக மாறுகிறது. கனமான துகள்கள் பிறந்து, பிறந்த கணமே சிதைகின்றன. 2012 சூலை 4ஆம் நாள் ஹிக்ஸ் துகள் கண்டறியப்பட்ட செய்தி அங்கிருந்து வெளிவந்தபோது உலகம் கைதட்டியது. அதன்பின் புதிய அடிப்படைத் துகள் எதுவும் அகப்படவில்லை. உடனே எழுந்தது ஒரு கூக்குரல்: "இத்தனை கோடி கொட்டியும் வெறுங்கைதானா?"

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கேள்வி, தேடல் என்பது யாது என்று அறியாமையால் பிறந்தது.

வரலாறு கூறும் சான்றைக் காண்க. 1977இல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வுக்கூடத்தில் 'பாட்டம்' குவார்க்கு கண்டறியப்பட்டது. அதற்கு இணையான 'டாப்' குவார்க்கு ஒன்று இருந்தே தீரவேண்டும் எனக் கோட்பாடு கூறியது. அதன் நிறையைக் கூறவில்லை. 1984இல் செர்ன் குழு ஒன்று, புரோட்டானைப்போல் நாற்பது மடங்கு நிறை அளவில் அதன் தடயம் தென்படுவதாக அறிவித்தது. மேலும் ஆராய்ந்தபோது அத்தடயம் நிலைக்கவில்லை. நாடுகள்தோறும் தேடினர், 'இந்த நிறைவரை இல்லை' என்பதே மீண்டும் மீண்டும் கிடைத்த விடை. ஒவ்வோர் 'இல்லை'யும் தேடவேண்டிய எல்லையைச் சுருக்கியது. 1995இல் அதே ஃபெர்மி கூடத்தில், புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் மோதிய மோதல்களில் அது அகப்பட்டது. அதன் நிறை, புரோட்டானைப்போல் ஏறத்தாழ 184 மடங்கு! பதினெட்டு ஆண்டுகளின் 'இல்லை'கள் வீணா? அவையன்றோ அக்கண்டுபிடிப்புக்கு வழி காட்டின?

அண்மைச் சான்று இதனினும் கூரியது. 2015 டிசம்பரில் செர்ன் நிறுவனத்தின் அட்லஸ், சி.எம்.எஸ். என்னும் இரு குழுக்களும் தம் அளவீடுகளை வெளியிட்டன. மோதலில் வெளிப்படும் இரண்டு ஒளித்துகள்களின் ஆற்றலையும் திசையையும் அளந்தால், அவற்றை ஈன்ற துகளின் நிறையைக் கணக்கிடலாம். அவ்வாறு வரைந்த வரைபடத்தில், புரோட்டானைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு நிறையில் ஒரு சிறு மேடு தெரிந்தது. இரு குழுக்களும் ஒரே இடத்தில் கண்டமையால் ஆர்வம் கரைபுரண்டது. எட்டுத் திங்களுக்குள் கோட்பாட்டாளர் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதிக் குவித்தனர்.

ஆனால் அளந்தவர்கள் அதனைக் கண்டுபிடிப்பு என்று கூறவில்லை. புதிய துகளே இல்லாதபோதும் தற்செயலாய் ஒரு மேடு தோன்றலாம். பல இடங்களில் தேடுவோர்க்கு எங்கேனும் ஒன்று தோன்றுவது வியப்பன்று. ஆகவே, தற்செயலுக்கு உள்ள வாய்ப்பு 35 இலட்சத்தில் ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்தாலன்றிக் கண்டுபிடிப்பு என்ற சொல்லை அவர்கள் வழங்குவதில்லை. 2016 ஆகஸ்டில், முன்னதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு புதிய அளவீடுகளோடு சிகாகோ மாநாட்டுக்கு வந்தனர். மேடு மறைந்திருந்தது. மறைந்ததை அவர்களே உலகுக்கு எடுத்துரைத்தனர். இதனைத் தோல்வி என்பார், வெற்றி என்று எதனைக் கூறுவரோ?

பணம் தருவோர் கணக்குக் கேட்பது முறையே. 91 கிலோமீட்டர் அளவில் மற்றொரு வளையம் அமைக்கலாமா என்னும் ஆய்வறிக்கை 2025இல் வெளிவந்துள்ள நிலையில், அக்கேள்வி இன்னும் வன்மையாகக் கேட்கப்படவேண்டும். புதிய துகள்கள் வரிசையாக வந்து நிற்கும் என்று முன்கூட்டியே உறுதி கூறியோரும் குற்றத்தினின்று தப்ப இயலாது. உலகளாவிய வலையை ஈன்றது செர்ன் அன்றோ என்று பக்கப்பயனைக் காட்டி வாதாடுவோரும் நல்ல வழக்கைப் பலவீனப்படுத்துகின்றனர். இயற்கை எவ்வாறு அமைந்துள்ளது என்று நேர்மையாகக் கேட்டு, வந்த விடையை மறைக்காமல் கூறுவதே அத்தேடலின் தகுதி. 'உண்டு' எனினும் 'இல்லை' எனினும் அது விடையே.

இதனை உணர்த்தவேண்டிய இடம் வகுப்பறை. பாடநூல்கள் வெற்றிகளை மட்டுமே வரிசைப்படுத்துகின்றன. சோதனைக்கூடத்தில் மாணவன் கண்ட அளவு நூலில் உள்ள அளவோடு ஒவ்வாவிடில், அதனை அழித்து நூலின் எண்ணை எழுதுகிறான்; முழு மதிப்பெண்ணும் பெறுகிறான். அந்த ஒரு கணத்தில் அவன் இழப்பது அறிவியலையே! ஒவ்வாத அளவை அப்படியே எழுதி, ஏன் ஒவ்வவில்லை என்று கேட்கும் மாணவனுக்கு மதிப்பெண் வழங்கும் ஆசிரியரே, சிகாகோவில் மேடு மறைந்ததென்று உரைத்தோரின் வழியில் நிற்பவர். ஆயிரக்கணக்கான அறிஞர்கள் உலகின் முன் நின்று 'இல்லை' என்று கூறத் துணிந்தனர். அத்துணிவை ஒரு சிறுவனுக்குக் கற்பிக்க இயலாத கல்வி, எத்தனை துகள்களின் பெயர்களைக் கற்பித்துத்தான் என்ன பயன்?