எண்ணெய் பிறந்த ஊர் எது?



கச்சா எண்ணெய் கிணறு தோண்டிய இடத்திலேயே உண்டானது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அது பிறந்த ஊர் வேறு, குடியேறிய ஊர் வேறு. நுண்ணுயிர்களின் எச்சம் நிறைந்த களிப்பாறை ஆழத்தில் சூடேறும்போது எண்ணெய் உருவாகிறது. தண்ணீரைவிட இலேசானது என்பதால் பாறைகளின் நுண்துளைகள் வழியே மேல்நோக்கி நகர்கிறது. ஊடுருவ முடியாத மூடுபாறை தடுக்கும் இடத்தில் தேங்கிவிடுகிறது. சில இடங்களில் இந்தப் பயணம் நூறு கிலோமீட்டரையும் தாண்டும்.

"இதை யார் பார்த்தது, டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? எண்ணெயும் பாறையுமே சாட்சி என்று சொல்லலாம்.

1934-ல் ஆல்பிரட் டிரெய்ப்ஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இலைப் பச்சையத்தோடு உறவுள்ள போர்ஃபைரின் என்ற பொருளைப் பெட்ரோலியத்தில் கண்டறிந்தார். எண்ணெய் உயிர்களிலிருந்து வந்தது என்பதற்கு வலுவான சான்று அது. பூக்கும் தாவரங்களிலிருந்து வரும் ஓலியனேன் போன்ற வேறு அடையாளங்களும் உண்டு. கிணற்று எண்ணெயிலும் ஒரு களிப்பாறையிலும் இவை ஒத்துப்போனால், எண்ணெயின் பிறப்பிடம் தெரிந்துவிடும்.

எவ்வளவு தூரம் வந்தது? சாக்பீஸில் மைப்பொட்டு வைத்துத் தண்ணீரில் நிறுத்தினால் நிறங்கள் பிரிந்து ஏறுமே, அதே கதைதான். எண்ணெயிலுள்ள பென்சோகார்பசோல் என்ற நைட்ரஜன் சேர்மங்களில் ஒரு வகை பாறையில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், இன்னொரு வகை தாமதமாக ஒட்டும். இரண்டின் விகிதத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கலாம் என்று 1996-ல் லார்ட்டர் குழுவினர் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பாறை வகையும் வெப்பமும்கூட அந்த விகிதத்தை மாற்றும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே இன்று அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வதில்லை. படிகங்களுக்குள் சிறைப்பட்ட நுண்ணிய எண்ணெய்த் துளிகள், பாறை அடுக்குகளின் சரிவு, அழுத்தம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

நான் வலியுறுத்த விரும்புவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். "பெட்ரோலியம் எவ்வாறு உருவாகிறது?" என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கிறோம். "அது நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பதில்லை. விடையை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, நாளை வாட்ஸ்அப்பில் வரும் எதையும் அப்படியே விழுங்கும். ஒரு சாட்சி போதுமா என்று கேட்கப் பழகிய பிள்ளை சற்று நின்று யோசிக்கும். அறிவியல் பாடத்தின் பயனே அதுதான் என்பேன்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் இந்த வாரம் அந்தச் சாக்பீஸ் சோதனையைச் செய்து காட்டுங்கள். பெற்றோராக இருப்பவர்கள் வீட்டிலேயே செய்யலாம். ஒரு ஸ்கெட்ச் பேனாவும் அரை டம்ளர் தண்ணீரும் போதும். பிள்ளைகள் கேட்ட கேள்விகளைக் கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.