கிரியேட்டினின் 'நார்மல்' என்றால் கிட்னியும் நார்மலா?

ஃபுல் பாடி செக்கப் பேக்கேஜ் திண்டுக்கல்லுக்கும் வந்தாச்சு. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால் மாலைக்குள் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப். அதில் தடித்த எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறோம். கிரியேட்டினின் 1.1, தடித்த எழுத்து இல்லை. "கிட்னி நல்லாருக்கும்மா" என்று போனில் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்த 1.1 ஒரே எண்தான், ஆனால் எல்லோருக்கும் ஒரே பொருள் இல்லை. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. வயது, பாலினத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால், 25 வயது ஆணுக்கு இந்த 1.1 என்பது நிமிடத்துக்குச் சுமார் 95 மில்லி வடிகட்டும் திறன். 60 வயதுப் பெண்ணுக்கு அதே 1.1 சுமார் 57தான். இந்தக் கணக்குக்குப் பெயர் இஜிஎஃப்ஆர். மூன்று மாதத்துக்கு மேல் அது 60-க்குக் கீழே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். அம்மாவின் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருந்தது இதுதான்.

டயாலிசிஸ்தான் பயம் என்று நினைக்கிறோம். உண்மையில் இந்த நோய் உள்ளவர்களில் டயாலிசிஸ் கட்டத்துக்குப் போகிறவர்களைவிட, அதற்கு முன்பே இதய, ரத்தக்குழாய்க் கோளாறால் இறப்பவர்களே அதிகம். 2004-ல் கலிஃபோர்னியாவில் 11 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, இஜிஎஃப்ஆர் 45-க்கும் 59-க்கும் இடையில் இருந்தவர்களுக்கே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 40% கூடுதலாக வந்தது தெரிந்தது. 15-க்குக் கீழே போனவர்களுக்கு மூன்று மடங்குக்கும் மேல்.

ஏன் இப்படி? சிறுநீரகமே ரத்தக்குழாய்களின் மூட்டைதான். ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்குழாய்ச் சுருள்கள். அவற்றின் உள்ளுறை பழுதானால் ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும். அங்கே கசிகிறது என்றால் இதயத்திலும் மூளையிலும் உள்ள குழாய்களின் உள்ளுறையும் அடிவாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு பக்கம், வெளியேற வேண்டிய பாஸ்பேட் உடலில் தங்குகிறது. அதைத் தள்ள எலும்பிலிருந்து எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோன் கூடுகிறது. ரத்தத்தில் பாஸ்பேட் அளவு ஏறுவதற்குப் பல காலம் முன்பே. நாளடைவில் குழாய்ச் சுவரின் தசை செல்களே எலும்பு செல்களைப் போல மாறிச் சுண்ணாம்பைப் படியவிடுகின்றன. நம்ம ஊர் சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைப்பது உள்ளே. இது அப்படியல்ல, ட்யூபே விறைத்துப்போவது. விறைத்த குழாயில் பிபி ஏறும், இதயச் சுவர் தடிக்கும்.

சர்க்கரை, பிபி இல்லாதவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் மருத்துவர்கள் 2023-ல் தமிழகத்தின் பல மாவட்டங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். 20-ல் ஒருவருக்குச் சற்று மேல் இந்த நோய். அவர்களில் சுமார் பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை. வெயிலில் நாள்முழுக்க வேலை, உடம்பில் நீர் வற்றுவது ஆகியவை மீதுதான் சந்தேகம். நிலக்கோட்டையில் பூப்பறிப்பவரும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் விளைவிப்பவரும் அதே வெயிலில்தான் நிற்கிறார்கள். போதாக்குறைக்கு, இடுப்புவலிக்கு மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே வந்து பிபியும் சர்க்கரையும் பார்க்கிறது. 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீர்ப் புரதத்துக்கு ஸ்ட்ரிப் வைத்தும் பார்க்கிறார்கள். நல்ல தொடக்கம். ஆனால் சாதாரண ஸ்ட்ரிப் பெரிய கசிவைத்தான் பிடிக்கும். சிறு கசிவு தெரிய யூரின் ஏசிஆர், அதாவது ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் வேண்டும். 30-க்கு மேல் போனால் எச்சரிக்கை.

என் கருத்து இதுதான்: சர்க்கரை, பிபி உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஏசிஆர் இலவசமாகக் கிடைக்க வேண்டும். கிரியேட்டினின் எழுதும் எந்த லேபும், அரசோ தனியாரோ, பக்கத்திலேயே இஜிஎஃப்ஆரையும் அச்சிடக் கட்டாயமாக்க வேண்டும். அதற்குத் தனி ரத்தமோ ரசாயனமோ தேவையில்லை, வெறும் கணக்கு. முன்கூட்டியே கண்டுபிடித்து என்ன பயன் என்ற கேள்வியும் இப்போது செல்லாது. சிறுநீரகத்தையும் இதயத்தையும் சேர்த்துக் காக்கும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை, 2020-ல் காப்புரிமை முடிந்தபின் இந்தியாவில் பல கம்பெனிகளின் தயாரிப்பாக மலிந்துவிட்டது. யாருக்குக் கொடுப்பது என்று தெரிந்தால்தானே டாக்டர் எழுத முடியும்?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா, அம்மாவின் பழைய பிடிஎஃப்களைத் திறந்து, வயதைப் போட்டு இஜிஎஃப்ஆர் பாருங்கள். ஆன்லைனில் கால்குலேட்டர் இருக்கிறது. ஏசிஆருக்குக் காலையில் முதலில் போகும் சிறுநீர்தான் நல்லது. காய்ச்சல் இருக்கும்போதோ, கடும் வேலை செய்த மறுநாளோ கொடுக்க வேண்டாம், அளவு கூடிக் காட்டும். கூடுதலாக வந்தாலும் மூன்று மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை பார்த்த பிறகுதான் டாக்டர் முடிவு சொல்வார்.