பழகத் தெரியாத பிள்ளைகள்

கணக்கில் தவறு செய்யும் மாணவனுக்கு உபாத்தியாயர் மறுபடியும் கணக்கைப் போட்டுக் காட்டுகிறார். சகமாணவருடன் பேசுவதில் தவறு செய்பவனுக்கோ தண்டனையே கிடைக்கிறது. "பதின்மூன்று வயதாகியும் நாலு பேருடன் பழகத் தெரியவில்லையே!" என்று பெற்றோரும் கடிந்துகொள்கிறார்கள். கடிந்துகொள்வதால் தெரியாதது தெரிந்துவிடுமா என்று கேட்கிறோம்.

ஆட்டிசம் என்று வைத்தியர்கள் குறிப்பிடும் இயல்புடைய பிள்ளைகளிற் பலர் படிப்பில் யாருக்கும் இளைத்தவரல்லர். பிறருடைய முகக்குறிப்பும் பேச்சில் மறைந்து நிற்கும் பரிகாசமுமே அவர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. சிறு வயதில் தாயார் அழைத்துச் சென்று விளையாட விட்டால் போதும். வயது ஏற ஏற நண்பரைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருப்பதால் அங்கே இடறுகிறார்கள். இனிமேல் என்ன செய்வது என்று அவர்களைக் கைவிடுவது பெருந்தவறு.

லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள காலிபோர்னியா சர்வகலாசாலையில் எலிஸபெத் லாஜ்ஸன், பிரெட் பிராங்கெல் என்னும் மனோதத்துவ நிபுணர்கள் 'பியர்ஸ்' என்ற பயிற்சியை வகுத்தனர். 2009-ஆம் வருஷம் வெளியான அவர்களது ஆராய்ச்சியில் 13 முதல் 17 வயதுவரையுள்ள 33 பேர் கலந்துகொண்டனர். வாரந்தோறும் பிள்ளைகளுக்குத் தனியாகவும் பெற்றோருக்குத் தனியாகவும் பாடம் நடந்தது. பயிற்சி பெற்ற பிள்ளைகள் தோழர்களை வீட்டுக்கு அழைப்பது அதிகரித்தது.

அம்முறையில் நம் கருத்தைக் கவர்ந்தது ஒன்று உண்டு. "நேரே போய் வணக்கம் சொல்லிப் பேசு" என்று பெரியவர்கள் உபதேசிக்கிறோமே, பழகத் தெரிந்த எந்தப் பிள்ளையும் அவ்விதம் செய்வதில்லை. சற்று அருகில் நின்று பேச்சைக் கவனிக்கிறான். தனக்குத் தெரிந்த விஷயமானால், பேச்சு ஓயும் சமயம் பார்த்து அதைப் பற்றியே ஒரு வார்த்தை சொல்லுகிறான். அவர்கள் முகங்கொடுக்காவிடில் மெல்ல விலகிக்கொள்கிறான். இந்தப் படிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, நடித்துக் காட்டிப் பழக்குகிறார்கள். கேலி செய்பவனிடம் மன்றாடவும் வேண்டாம், சீறவும் வேண்டாம், "அதனால் என்ன?" என்று சொல்லி அகலக் கற்பிக்கிறார்கள். கோர்ட்டில் எப்போது எழுந்து பேசுவது, எப்போது உட்காருவது என்பதை நாமும் சீனியரைப் பார்த்துத்தான் கற்றோம், பிறவியிலேயே அறிந்திருந்தோமில்லை.

ஆயினும் முழுப் பாரத்தையும் அப்பிள்ளையின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. தாமும் ஆட்டிசம் உடையவரான ஆங்கில அறிஞர் டேமியன் மில்டன், அவர்கள் நம்மை அறியாததுபோலவே நாமும் அவர்களை அறிவதில்லை என்று 2012-இல் எடுத்துக் காட்டினார். வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கும் இதில் பாடம் வேண்டும்.

இது தயவுக்காகக் கேட்கும் காரியமுமன்று. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. அதன் 16-வது பிரிவு, சர்க்காரின் உதவியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி ஸ்தாபனங்கள் இத்தகைய பிள்ளைகளின் படிப்புக்கும் சமூக வளர்ச்சிக்கும் வேண்டிய உதவியை அளிக்கக் கடமைப்படுத்துகிறது. 'சமூக வளர்ச்சி' என்பது சட்டத்தில் உள்ள சொல், நாம் சேர்த்ததன்று. "உங்கள் பையன் ஒத்துவரவில்லை, வேறு பள்ளி பாருங்கள்" என்று கூறும் தலைமையாசிரியர்கள் அப்பிரிவை ஒரு முறை படித்துப் பார்க்கட்டும். அவ்வாறு கூறப்பட்ட பெற்றோர், மாற்றுச் சான்றிதழை வாங்குவதற்கு முன், எவ்வித உதவி அளித்துப் பார்த்தீர்கள் என்று எழுத்து மூலம் கேட்கட்டும்.