திருத்த வந்தவருக்கு என்ன நேர்ந்தது?

ஸ்டாலினின் இரகசியக் காவல்துறைத் தலைவராக இருந்த லாவ்ரென்தி பேரியா 1953-இல் வீழ்ந்தபோது, அவரைப் புகழ்ந்து எழுதிய கட்டுரை பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்தின் ஐந்தாம் தொகுதியில் அச்சாகிச் சந்தாதாரர்களின் அலமாரிக்குப் போயிருந்தது. பதிப்பகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 21 முதல் 24 வரையுள்ள பக்கங்களையும் பேரியாவின் படத்தையும் கத்தரியாலோ சவரத் தகட்டாலோ வெட்டி எடுத்துவிட்டு, இத்துடன் அனுப்பியுள்ள தாள்களை ஒட்டிக்கொள்ளுமாறு அதில் கேட்டிருந்தார்கள். புதிய தாள்களில் பெரிங் கடலைப் பற்றிய செய்தி தாராளமாக இருந்தது. மேலை நாட்டு நூலகங்கள் சிலவற்றுக்கும் இந்தக் கடிதம் போயிற்று.

நூலகர் வட்டத்தில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வது வழக்கம். அதே களஞ்சியத்தில் கணிதம் பற்றிய கட்டுரையை எழுதியவர் பெரும் கணிதவியலாளர் கோல்மொகரோவ் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. எங்கே பொய் சொல்லும், எங்கே சொல்லாது என்று தெரிந்த குறிப்புதவி நூலகர் ஒருவர் அதை வைத்து நன்றாகவே வேலை செய்திருக்க முடியும். சார்பு உள்ள களஞ்சியம் புதிதும் இல்லை, எல்லாச் சார்பும் கேடும் இல்லை. பிரெஞ்சு அறிவொளிக் காலத்துத் திதரோவின் களஞ்சியத்தைவிடச் சார்புள்ள நூலை எங்கே தேடுவது? ஆகவே இணையத்தில் கொள்கைக்காகவே தொடங்கப்பட்ட களஞ்சியங்களைப் பற்றி வாசகர்கள் நம்மிடம் கேட்கும்போது, “அது ஒருதலைப்பட்சமானது” என்று சொல்லி அனுப்பிவிடுவது அரைகுறைப் பதில்.

கன்சர்வபீடியாவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வழக்கறிஞர் ஆண்ட்ரூ ஷ்லாஃப்லி, வீட்டுக் கல்வி முறையில் படிக்கும் மாணவர்களுக்காக 2006 நவம்பரில் இதைத் தொடங்கினார். விக்கிப்பீடியா கிறித்தவத்துக்கும் அமெரிக்காவுக்கும் எதிரானது என்பது அவர் குறை. அவர் படிக்காதவர் அல்லர். பொறியியல் பட்டம் பெற்றவர், ஹார்வர்டில் சட்டம் படித்தவர். இதை நினைவில் வைப்பது நல்லது. வல்லுநரைத் தள்ளிவைப்பவர்கள் அறியாமையால்தான் அப்படிச் செய்கிறார்கள் என்ற நம் எண்ணம் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

தொடங்கிய சில மாதங்களிலேயே, 2007-இல், மிச்சிகனைச் சேர்ந்த ஒரு மருத்துவர் அதன் மார்பகப் புற்றுநோய்க் கட்டுரையைத் திருத்தப் போனார். கருக்கலைப்பு செய்துகொண்டால் அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும் என்பது கட்டுரையின் கூற்று. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2003-இலேயே வல்லுநர்களைக் கூட்டி ஆராய்ந்து, அப்படித் தொடர்பு இல்லை என்று முடிவு சொல்லியிருந்தது. 53 ஆய்வுகளின் தரவை ஒன்றுசேர்த்து 2004-இல் லான்செட் வெளியிட்ட பகுப்பாய்வும் அதையே சொன்னது. இந்தச் சான்றுகளைச் சேர்க்க முயன்ற மருத்துவரிடம் நிருவாகிகள் அவருடைய தகுதியைப் பற்றிக் கேள்வி எழுப்பினார்கள். பிறகு விவாதமே மூடப்பட்டது, கணக்குகள் தடை செய்யப்பட்டன. வெளியேற்றப்பட்டவர்கள் சேர்ந்து ரேஷனல்விக்கி என்ற எதிர்த்தளத்தைத் தொடங்கினார்கள். (அதற்கும் ஒரு சார்பு உண்டு. கிண்டலும் கொஞ்சம் அதிகம்.)

கன்சர்வபீடியாவின் விதிகளில் ஒன்று நம் துறைக்காரர் கண்ணில் உடனே படக்கூடியது. ஒருவருடைய பங்களிப்பில் 90 விழுக்காடு உரையாடல் பக்கத்திலும் 10 விழுக்காடு மட்டுமே கட்டுரையிலும் இருந்தால் அவரைத் தடை செய்யலாம். வெட்டிப் பேச்சைக் குறைக்கும் விதி என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு கட்டுரை ஏன் தவறு என்று எடுத்துச் சொல்பவர் பேச வேண்டிய இடமே அந்த உரையாடல் பக்கம்தான். அங்கே நீண்ட நேரம் வாதாடுவதே குற்றமாகிவிட்டால், விஷயம் தெரிந்தவர்தான் முதலில் அகப்படுவார்.

அடுத்த ஆண்டு, 2008-இல், நடந்தது இன்னும் பெரிய கதை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லென்ஸ்கி, அப்போது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் இருந்தவர், 1988 பிப்ரவரியில் 12 குடுவைகளில் எ.கோலை பாக்டீரியாவை வளர்க்கத் தொடங்கினார். நாள்தோறும் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் நூற்றில் ஒரு பங்கைப் புதிய ஊடகத்துக்கு மாற்றுவார்கள். 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரியை உறையவைத்துச் சேமிப்பார்கள். ஊடகத்தில் சிட்ரேட் இருந்தாலும், ஆக்சிஜன் உள்ள இடத்தில் எ.கோலை அதை உண்ணாது. அந்த இனத்தை அடையாளம் காணவே இது ஒரு சோதனை. ஏறத்தாழ 31,500 தலைமுறைக்குப் பின் ஒரே ஒரு குடுவையில் அதை உண்ணும் வகை தோன்றியது. பிறகு அந்தக் குடுவை மற்றவற்றைவிடக் கலங்கலாக நின்றது. வெளிக்கிருமி கலந்துவிட்டதோ என்றுதான் ஆய்வகத்தார் முதலில் சந்தேகப்பட்டு, அதைச் சோதித்து விலக்கினார்கள். அந்த ஆய்வகத்தின் ஸக்கரி பிளௌண்ட் உறைந்த மாதிரிகளை எழுப்பி, ஏறத்தாழ 40 லட்சம் கோடி செல்களில் அந்த மாற்றம் மறுபடி வருகிறதா என்று தேடினார். முடிவுகள் 2008-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்தன.

அந்த ஜூன் மாதமே, பரிணாமக் கொள்கையை ஏற்காத ஷ்லாஃப்லி தம் தளத்தின் பெயரால் லென்ஸ்கிக்குக் கடிதம் எழுதி, ஆய்வின் தரவைக் கேட்டார். தரவு கட்டுரையிலேயே இருக்கிறது, முதலில் அதைப் படியுங்கள் என்று லென்ஸ்கி சுருக்கமாகப் பதில் எழுதினார். இது பொதுமக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வு என்று சொல்லி மீண்டும் கேட்டார்கள். லென்ஸ்கியின் இரண்டாவது பதில் நீண்டது, சூடானது. தரவு என்பது காகிதமும் கோப்பும் மட்டும் அல்ல, அந்த உயிர்களே உறைபெட்டியில் இருக்கின்றன. தகுந்த ஆய்வகமும் அதைக் கையாளும் பயிற்சியும் உள்ள அறிவியலாளர் கேட்டால் அனுப்பத் தயார் என்றார். இந்தக் கடிதப் போக்குவரத்தை அந்தத் தளமே வெளியிட்டது. தங்களுக்கு எதிராகச் செல்லும் ஆவணத்தை மறைக்கவில்லை என்பதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

தரவைக் கேட்டது தவறே இல்லை. நம்மில் பலர் அப்படிக் கேட்கச் சொல்லித்தான் மாணவர்களைப் பழக்குகிறோம். கேட்டவர்கள் கொடுத்ததைப் படிக்கவில்லை என்பதுதான் இங்கே கோளாறு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சம்பவம் இருக்கிறது. ஐடஹோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட் மின்னிக், உயிர்களை ஓர் அறிவு வடிவமைத்தது என்னும் அறிவார்ந்த வடிவமைப்புக் கோட்பாட்டின் ஆதரவாளர். அதைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பது பற்றி 2005-இல் நடந்த டோவர் வழக்கில் அந்தத் தரப்புக்குச் சாட்சி சொன்னவர். கொள்கையில் ஷ்லாஃப்லிக்கு வெகு தொலைவில் இருப்பவர் அல்லர். அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஆய்வகத்தில் இறங்கி, நேரடித் தெரிவு அழுத்தம் கொடுத்தால் சிட்ரேட் உண்ணும் எ.கோலை நூறு தலைமுறைக்குள்ளேயே வந்துவிடுகிறது என்று காட்டினார்கள். பாக்டீரியாவியல் ஆய்விதழ் 2016-இல் அதை வெளியிட்டது. பொருள்கொள்வதில் லென்ஸ்கி அவர்களோடு மோதினார். அந்தச் சண்டை இன்று யாரும் படித்துப் பார்க்கக்கூடியதாக இருக்கிறது. ஒருவருடைய கொள்கை எது என்பதைவிட, எதிர்த்தரப்பின் வேலையை எடுத்துப் பார்க்கும் உழைப்பு அவரிடம் உண்டா என்பதே பயன்தரும் கேள்வி.

வல்லுநர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. விக்கிப்பீடியாவுக்கு முன் 2000-இல் தொடங்கிய நுபீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஏழு படி மதிப்பீடு. கடைசிவரை ஏறத்தாழ இரண்டு டஜன் கட்டுரைகளே அதில் தேறின. மறுபுறம், திறந்த விக்கிப்பீடியாவும் கைப்பற்றப்படலாம். குரோவாசிய மொழி விக்கிப்பீடியாவைத் தீவிர வலதுசாரி நிருவாகிகள் சிலர் ஏறத்தாழப் பத்தாண்டு தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள். யாசெனோவாட்ஸ் கொலை முகாமைச் சாதாரண உழைப்பு முகாம் போல எழுதினார்கள். 2013-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே, அதை நம்பாமல் ஆங்கிலப் பதிப்பைப் பாருங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிவந்தது. சிலரே கவனிக்கும் எந்த மொழி விக்கிக்கும் இந்த ஆபத்து உண்டு. தமிழ்ப் பதிப்பில் எழுதும் நூலகர்கள் இன்னும் கொஞ்சம் பேர் கூடினால் நல்லது என்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து தெரியவில்லை.

நம் மேசைக்கு வருவோம். ஒரு களஞ்சியத்தைப் பரிந்துரைக்குமுன் அதன் கட்டுரையைப் படிப்பதோடு உரையாடல் பக்கத்தையும் திருத்த வரலாற்றையும் திறந்து பாருங்கள். சர்ச்சைக்குரிய ஒரு தலைப்பை எடுத்து, திருத்த வந்த ஒருவரைப் பின்தொடருங்கள். அவர் காட்டிய சான்றுக்குப் பதில் வந்ததா, அல்லது அவர் யார் என்று மட்டும் கேட்டார்களா? பள்ளி நூலகக் கணினிகளில் கன்சர்வபீடியாவை முடக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதுதான். முடக்க வேண்டாம், லென்ஸ்கி கடிதங்கள் உள்ள பக்கத்தை மாணவர்கள் முன் திறந்து வையுங்கள்.

இந்த வழி செல்லாத இடமும் இப்போது வந்துவிட்டது. விக்கிப்பீடியா இடதுசாரிச் சாய்வுள்ளது என்று சொல்லி, ஈலான் மஸ்கின் எக்ஸ்ஏஐ நிறுவனம் 2025 அக்டோபரில் குரோக்கிபீடியாவைத் திறந்தது. எழுதுவது செயற்கை நுண்ணறிவு. வாசகர் தாமே கை வைத்துத் திருத்த முடியாது, திருத்தத்தைப் பரிந்துரைக்கலாம். புற்றுநோய்க் கட்டுரையைத் திருத்தப் போன மருத்துவருக்குக் குறைந்தது தம்மைத் தடுத்தவர்கள் யார் என்பதாவது தெரிந்தது. இங்கே ஒரு வல்லுநரின் பரிந்துரை தள்ளப்பட்டால் எந்த மனிதரிடம் போய் ஏன் என்று கேட்பது என்பதற்கு நம்மிடம் பதில் இல்லை. அது கிடைக்கும்வரை இந்தக் களஞ்சியத்தைக் குறிப்புதவிப் பட்டியலில் சேர்க்க என்னால் கையெழுத்திட முடியாது.